விற்ற வாகனம் இன்னும் யார் பெயரில் ஓடுகிறது?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் விற்கவோ வாங்கவோ யோசித்துக்கொண்டிருப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள். வாகனம் இல்லாதவர்கள் வாப்பாவுக்கோ மச்சானுக்கோ அனுப்பிவிடுங்கள்.

"ஓப்பன் பேப்பர்" என்ற சொல்லை பிலிமத்தலாவையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சிங்களவரும் அப்படித்தான் சொல்கிறார், நாமும் அப்படித்தான் சொல்கிறோம். சீ.ஆர். புத்தகம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். உரிமை மாற்றும் படிவங்களில் விற்றவருடைய கையொப்பம் மட்டும் இருக்கும். வாங்குபவரின் பெயர், விலாசம், திகதி எல்லாம் வெறுமையாக இருக்கும். அடையாள அட்டையின் போட்டோ கொப்பி ஒன்றையும் சேர்த்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தால் வியாபாரம் முடிந்தது. வாங்கியவர் விரும்பினால் தன் பெயருக்கு மாற்றுவார். விரும்பாவிட்டால் அதே கவரை அடுத்தவருக்குக் கொடுப்பார். அவர் அதற்கடுத்தவருக்கு. சில வாகனங்கள் நான்கு, ஐந்து கை மாறிய பிறகும் புத்தகத்தில் முதலாமவர் பெயர்தான்.

இந்தப் பழக்கத்தை நம் ஊரில் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. "கவனமாகச் செய்யுங்கள்" என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. செய்யவே வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஏன் இப்போது? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் இருந்த வாகனத்தையே பெயின்ட் அடித்து, எஞ்சின் பார்த்து ஓட்டினோம். இப்போது பழையதைத் தள்ளிவிட்டு இன்னொன்று எடுக்கப் பலர் பார்க்கிறார்கள். கண்டி வீதியில் வாகன சேல்களைப் பாருங்கள், தெரியும். ஊர் வட்ஸ்அப் குழுமங்களிலும் "அவசரமாக விற்பனைக்கு, ஓப்பன் பேப்பர்" என்று படத்தோடு வருகிறது. ஏதோ அது வாகனத்தின் சிறப்பு அம்சம் மாதிரி, ஏசி, பவர் ஷட்டர், ஓப்பன் பேப்பர் என்று வரிசையில் போடுகிறார்கள்.

நமக்குப் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்வீர்கள், ஊகித்தாலும் கமெண்டில் போடாதீர்கள். தன்னுடைய வேனை ஒரு புரோக்கர் மூலம் விற்றார். கவர் கொடுத்தார், காசு எண்ணி வாங்கினார், மகளின் கலியாணச் செலவுக்குப் போயிற்று. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் காலையில் பொலிஸ் வீட்டு வாசலில் நின்றது. அந்த வேன் வெகு தூரத்தில் ஒரு சைக்கிள்காரரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. இலக்கத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள். இலக்கத்தைத் தட்டிப் பார்த்தால் வருகிற பெயர் இவருடையது.

"நான் வித்துட்டேன் சேர்" என்றார். "யாருக்கு?" என்று கேட்டார்கள். அங்கேதான் அவர் வாய் அடைத்துப் போனது. புரோக்கருடைய பெயர் தெரியும், அதுவும் பாதிப் பெயர். வாங்கியவர் குருநாகல் பக்கம் என்று ஞாபகம். திகதி? நோன்புக்கு முந்திய மாதம்.

அவரை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த அதிகாரிகள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். ஆனால் வாக்குமூலம் கொடுக்க அவர் அந்தத் தூர ஊருக்கு பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது. பிறகும் போனார். சட்டத்தரணிக்குக் காசு கொடுத்தார். ஊரில் கதை வேறு மாதிரிப் பரவியது, அது அவரை எல்லாவற்றையும் விட நோகடித்தது. கடைசியில் அவரைக் காப்பாற்றியது வங்கிப் பற்றுச்சீட்டு ஒன்று. வேன் விற்ற அன்றே பெருந்தொகையை வங்கியில் போட்டிருக்கிறார், அந்தத் துண்டை மகள் கலியாணக் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருந்தாள். அதை வைத்து நாளைப் பிடித்தார்கள், நாளை வைத்துப் புரோக்கரைப் பிடித்தார்கள், அவரிலிருந்து ஒவ்வொரு கையாகப் போனார்கள். அந்தத் துண்டு இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை தவணை அலைந்திருப்பாரோ.

இப்படி ஒருவருக்கு நடந்தது என்றால் "அவருக்கு நேரம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நேரத்தைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

நம் நாட்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். வாகனம் கைமாறினால் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நம்மில் அனேகர் நினைப்பது, மாற்றுவது வாங்கியவனுடைய வேலை என்று. பாதி சரி. வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், பிந்தினால் தண்டப்பணம் உண்டு. ஆனால் விற்றவருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறார்கள். இன்ன வாகனத்தை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அவர் அறிவிக்க வேண்டும். வாங்கியவர் நிரப்பும் விண்ணப்பம் எம்.டீ.ஏ. 6. விற்றவர் அறிவிக்கும் படிவம் எம்.டீ.ஏ. 8. இந்த இரண்டாவது படிவம் விற்றவரைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? அதிலும் வெறுமையாகக் கையெழுத்து வைத்து, கவருக்குள் போட்டு, வாங்குபவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். குடையை மழையில் நனைய விட்டுவிட்டு நாம் நனைந்துகொண்டு போவது போல.

சட்டம் படித்த நண்பர் ஒருவர் இதைப் பேசும்போது ஒரு திருத்தம் சொன்னார், அதையும் சொல்லிவிடுகிறேன். பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பது மட்டும் சொத்துரிமைக்கு முடிந்த முடிவான சான்று அல்ல. உண்மையில் விற்றுவிட்டேன் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வழியிருக்கிறது. நிரூபிக்கலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அதுவரை வழக்குத் தவணை உங்களுக்கு, லீவு எடுப்பது நீங்கள், சட்டத்தரணி கட்டணம் உங்களுடையது.

இந்தியாவில் இதைவிடக் கடுமை. அங்கே மோட்டார் வாகனச் சட்டம், யார் பெயரில் பதிவோ அவரே உரிமையாளர் என்று வரைவிலக்கணம் சொல்கிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் 2018 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாருதி 800. பதிவுக்காரர் 2007இல் விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009 மே மாதத்தில் அந்தக் கார் மோதி ஒரு உயிர் போனது. கார் கடைசியாக யார் கையில் இருந்தது என்பது தெரிந்த விடயம்தான். ஆனாலும் நட்டஈடு கொடுக்க வேண்டியவர் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருக்கும் முதலாமவரே என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காயப்பட்ட குடும்பம் யார் யாருக்கு விற்றார்கள் என்று துரத்திக்கொண்டு திரிய முடியாது என்பது அதன் நியாயம். நமது சட்டம் வேறு, அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனால் அந்த நியாயத்தை யோசித்துப் பாருங்கள். அடிபட்டவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நாமும் அதைத்தானே கேட்போம்?

விபத்து மட்டுமில்லை. 2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் வீதிக் கமராக்களைப் பார்த்துப் போக்குவரத்துக் குற்றங்களுக்கு நடவடிக்கை எடுக்கிறார்கள். அறிவித்தல் போவது பதிவிலுள்ள உரிமையாளருக்கு. கொழும்புப் பக்கமே போகாத ஒருவருக்குச் சிவப்பு விளக்கில் போனதாகக் கடிதம் வந்தால் அவர் யாரிடம் போய்ச் சொல்வது? அனுமதியில்லாமல் மரம், மணல், மாடு ஏற்றிப் பிடிபடும் வாகனங்களின் கதை இன்னும் மோசம். அரசுடைமையாக்கும் விசாரணை என்று வரும்போது முதலில் கூப்பிடுவது புத்தகத்தில் உள்ள பெயரைத்தான். டின் இலக்கம் வந்த பிறகு உங்கள் பெயரில் என்னென்ன ஓடுகிறது என்பது இறைவரிக் கணக்கோடும் முடிச்சுப் போடுகிறது. அஸ்வெசும விண்ணப்பத்தில் வாகனம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். விற்றுத் தின்று முடித்த வாகனத்துக்காக ஒரு ஏழை வீட்டுக்காரர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்ல விருப்பமில்லாவிட்டாலும். 2019 ஏப்ரல் 21க்குப் பின்னான மாதங்களை நாம் யாரும் மறக்கவில்லை. சந்திக்குச் சந்தி சோதனை. வாகனத்தை நிறுத்தி, புத்தகம் யார் பெயரில், நீ யார், இவர் உனக்கு யார் என்று கேட்டார்கள். "தெரியாது சேர், ஓப்பன் பேப்பர்ல எடுத்தது" என்பது அந்த நாட்களில் ஒரு முஸ்லிம் இளைஞன் சொல்லக்கூடிய பதிலா? நாட்டில் பதற்றம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காகிதத்தைச் சரியாக வைத்திருப்பது நம் கையில் இருக்கிற விடயம்.

சரி, இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் செய்கிறோம்? முட்டாள்கள் என்பதால் இல்லை. காரணங்கள் இருக்கின்றன, அவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வாங்குபவர் பல நேரம் வியாபாரி. அவர் தன் பெயருக்கு மாற்றினால் புத்தகத்தில் ஒரு உரிமையாளர் கூடும், "எத்தனையாவது ஓனர்?" என்று அடுத்தவர் கேட்பார், விலை குறையும். கட்டணமும் நாளும் செலவு. அவருக்கு இலாபம் ஓப்பன் பேப்பரில். அந்த இலாபத்துக்கான ஆபத்தை மட்டும் விற்றவர் சுமக்கிறார், இலவசமாக. இரண்டாவது, அலைச்சல். நாரஹேன்பிட்ட என்று சொன்னாலே நம்மவர்களுக்குக் களைத்துவிடும். அதிகாலை பஸ், வரிசை, "இந்தப் படிவம் இல்லை, நாளைக்கு வாங்க". இதில் திணைக்களத்தின் மீது எனக்கும் விமர்சனம் உண்டு. ஒரு வேனை விற்றேன் என்று அறிவிப்பதை பிரதேச செயலகத்தில் ஒரு மேசையில் முடிக்கும்படி செய்திருந்தால் இந்தப் பழக்கம் பாதி குறைந்திருக்கும். வருமான அனுமதிப் பத்திரத்தை இப்போது வீட்டிலிருந்தே ஒன்லைனில் எடுக்க முடியும்போது இதை ஏன் முடியாது? பிரித்தானியாவில் விற்றவர் இணையத்தில் அறிவித்துவிட்டால் அவர் பொறுப்பு அத்தோடு முடிகிறது, மீதி வரியையும் திருப்பி அனுப்புகிறார்கள். இலண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

இலண்டன் எதற்கு, வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்களே. ஸஊதியிலோ கட்டாரிலோ இஸ்திமாரா பெயர் மாறாமல் யாராவது காரைக் கொடுத்தீர்களா? கொடுத்திருக்க மாட்டீர்கள். முஹாலஃபா காசு முழுக்கக் கட்டி, பெயர் மாற்றி, பிறகுதான் சாவி. அங்கே ஒரு அரபிக்கு விற்கும்போது அவ்வளவு கவனம். விமானம் இறங்கி ஊருக்கு வந்ததும் "நம்பிக்கதானே நானா, பொறகு பாப்போம்".

மூன்றாவது காரணம் இந்த நம்பிக்கைதான், இதுதான் எனக்கு மிகவும் இடிக்கிறது. எழுதிக் கேட்டால் மற்றவரைச் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடுமாம். ஊர்க்காரர், பள்ளியில் ஒரே ஸஃப்பில் நிற்பவர், அவரிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது?

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் கையை உயர்த்துவார்கள். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது எதைப் பற்றியது என்று கேட்டால் சிலர்தான் சொல்வார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறிய தொகையோ பெரிய தொகையோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்றும், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்க வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. அது கடனுக்குத்தானே சேர், நாங்கள் ரொக்கத்துக்கல்லவா விற்கிறோம் என்று ஒரு நானா என்னிடம் வாதாடினார். நல்ல கேள்வி. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்தாற்போலவே, விற்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் வருகிறது. விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள், நான் மௌலவி இல்லை, கணக்குப் பாடம் எடுப்பவன். ஆனால் ஒன்று எனக்கு விளங்குகிறது. எழுதச் சொன்னது, நம்பிக்கை கெட்டுப்போகாமல் இருப்பதற்காக. ஓய்வுபெற்ற அந்த மனிதரும் அந்தப் புரோக்கரும் இன்று பேசிக்கொள்வதில்லை. ஒரே ஒரு கடுதாசி இருந்திருந்தால் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வாங்குபவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஓப்பன் பேப்பரில் உங்களுக்கு மட்டும் இலாபம் என்று நினைக்காதீர்கள். இருபது, முப்பது இலட்சம் கொடுத்து நீங்கள் வாங்கியது அரசாங்கக் கணக்கில் இன்னொருவருடைய வாகனம். அவர் மௌத்தானால் அவருடைய வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும், அவர்கள் மூன்று நாட்டில் இருப்பார்கள். அவர் கையொப்பம் பழையதோடு பொருந்தவில்லை என்று திருப்பினால் திரும்ப அவர் வீட்டு வாசல். அவரைத் தேடி ஏதும் வழக்கோ கடனோ வந்தால் அதன் நிழல் உங்கள் வாகனத்தில் விழும். விபத்து நடந்து காப்புறுதிக்குப் போனால், காப்புறுதி ஒரு பெயர், புத்தகம் ஒரு பெயர், ஓட்டியவர் ஒரு பெயர் என்று கேள்வி வரும். 2022இல் பெற்றோலுக்கு கியூ.ஆர். வந்தபோது செசி இலக்கம் தேடிப் புத்தகத்தைத் திறந்த சிலர், தங்கள் வாகனத்தின் "உரிமையாளர்" பெயரை அன்றுதான் முதன்முதலில் வாசித்தார்கள். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை.

லீசிங் உள்ள வாகனம் என்றால் இரண்டு மடங்கு கவனம். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். கம்பனிக்குத் தெரியாமல் "மீதித் தவணையை நீங்க கட்டிக்கொள்ளுங்க" என்று கைமாற்றுவது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. வாங்கியவர் இரண்டு மாதம் கட்டி மூன்றாம் மாதம் விட்டால் கம்பனி தேடுவது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவரையும் பிணை நின்றவர்களையும். கிரிப் அறிக்கையில் கெடுவது அவர்கள் பெயர். பிணை நின்றது பெரும்பாலும் ஒரு ஆசிரியரோ அரசாங்க உத்தியோகத்தரோதான். எங்கள் ஓய்வறையில் இந்தக் கதைக்குப் பஞ்சமில்லை. கம்பனிக்குப் போய், கணக்கை முடித்து, விடுவிப்புக் கடிதம் எடுத்து விற்கலாம். அல்லது கம்பனியின் சம்மதத்தோடு புதியவர் பெயரில் ஒப்பந்தத்தை மாற்றலாம். மூன்றாவது வழி கிடையாது.

அப்படியானால் எப்படிச் செய்வது? நான் சொல்வது பெரிய வித்தை இல்லை.

வாங்குபவர் காசு பேசுவதற்கு முன்பே திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலக்கத்தைப் போட்டு விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டையும் வாகனத்தில் உள்ளதோடு கண்ணால் ஒப்பிடுங்கள். பொருத்தி எடுத்த வாகனங்களுக்குக் கள்ளப் பதிவு போட்டதாகத் திணைக்கள அதிகாரிகளே கைதான செய்திகளைப் படித்திருப்பீர்கள். புத்தகம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. பெயின்டுக்கு மேல் தட்டிப் பார்க்க ஒரு பாஸைக் கூட்டிப் போகிறோம், செசி இலக்கத்தை வாசிக்க யாரும் குனிவதில்லை.

விற்கிறவர் ஒரு விற்பனை உடன்படிக்கை எழுதுங்கள். சட்டத்தரணி முன்னால் எழுதினால் மிக நல்லது. இருவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர விலாசம், வாகன இலக்கம், எஞ்சின், செசி, விலை, மீட்டரில் ஓடிய கிலோமீற்றர், திகதி, நேரம், இரண்டு சாட்சி. நேரத்தை விட்டுவிடாதீர்கள். காலை பத்து மணிக்கு விற்ற வாகனம் பின்னேரம் நான்கு மணிக்குக் கடுகண்ணாவை வளைவில் மோதினால் அந்த ஆறு மணித்தியாலத்துக்கு யார் பொறுப்பு என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும். காசை இயன்றவரை வங்கி மூலம் வாங்குங்கள். வாங்குபவருடைய அடையாள அட்டைக் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கொடுக்கிற கொப்பியின் குறுக்கே "இன்ன இலக்க வாகனத்தின் உரிமை மாற்றத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போடுங்கள். உங்கள் அடையாள அட்டைக் கொப்பி யார் யார் மேசையில் எல்லாம் கிடக்கிறது என்று நினைத்தாலே பயம் வர வேண்டும்.

படிவங்களில் வாங்குபவர் பெயர், விலாசம், திகதி எல்லாம் நிரப்பப்பட்ட பிறகுதான் உங்கள் கையொப்பம். வெறுமையான இடத்துக்குக் கீழே ஒருபோதும் வைக்காதீர்கள். வைத்த பிறகு எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். எம்.டீ.ஏ. 8ஐ வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். நீங்களே திணைக்களத்துக்குக் கொடுங்கள். நேரில் கொடுத்தால் கொப்பியில் சீல் வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால், அந்தப் பற்றுச்சீட்டைக் காணி உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள். முடிந்தால் இருவருமாகவே ஒரு நாள் போய் மாற்றிவிட்டு வாருங்கள். எந்தக் காரியாலயத்தில் செய்யலாம், முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டுமா என்பதைப் போனில் கேட்டுவிட்டுப் போனால் இரண்டாம் முறை அலைச்சல் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து உரிமை மாற்றத்துக்கு டின் இலக்கமும் கேட்கிறார்கள், இல்லாதவர்கள் அதை முதலில் எடுத்து வையுங்கள். வேறு மாகாணத்துக்கு விற்றால் நம்பர் பிளேட்டை மாற்ற வேண்டுமே என்று பழைய காரணம் சொல்பவர்களுக்கு ஒரு செய்தி: மாகாண எழுத்தை எடுத்தாயிற்று, அந்தச் சாட்டு இனிச் செல்லாது.

செலவு யார் போடுவது என்று ஒரு சண்டை வரும். வாங்குபவர் போடுவதுதான் வழக்கம். ஆனால் அவர் இழுத்தடிக்கிறார் என்றால் விலையில் ஒரு சின்னத் தொகையை விட்டுக் கொடுத்தாவது மாற்றுவித்துவிடுங்கள். அந்த ஓய்வுபெற்றவர் சட்டத்தரணிக்குக் கொடுத்ததைவிட அது நிச்சயம் குறைவு.

ஏற்கனவே கொடுத்துவிட்டோமே, இப்போது என்ன செய்வது என்று சிலர் கேட்பீர்கள். வாங்கியவரின் போன் இலக்கம் இன்னும் வேலை செய்தால் இன்றே எடுத்துப் பேசுங்கள். நல்ல முறையில் பேசுங்கள், அவரும் உங்களைப் போல் ஒருவர்தான். அவர் வேறு யாருக்கும் விற்றிருந்தால் யாருக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்கவே இல்லை என்றால் ஒரு சட்டத்தரணியைக் கண்டு, திணைக்களத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்கும் வழியைக் கேளுங்கள். பிந்திப் போனாலும் அறிவித்தது அறிவித்ததுதான்.

புரோக்கர் தொழில் செய்யும் நம் சகோதரர்கள் இந்தப் பதிவைப் பார்த்துக் கோபப்படுவார்கள் என்று தெரியும். உங்கள் வயிற்றில் அடிப்பது என் நோக்கம் இல்லை. உங்களில் ஒருவர் ஹந்தெஸ்ஸப் பக்கம் இருக்கிறார். பெயர் மாறி வந்தால்தான் கொமிஷனின் இரண்டாம் பாதியை வாங்குவேன் என்று சொல்லித் தொழில் செய்கிறார். அவரிடம் வாகனம் விற்க ஆட்கள் தேடிப் போகிறார்கள். மற்றவர்களும் அப்படிச் செய்தால் என்ன?

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். நம்மில் மூத்தவர்கள் பலருக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படிவம் நிரப்பச் சங்கடம். அதனால்தான் "நீங்களே நிரப்பிக்கொள்ளுங்க" என்று கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் சிலரோடு பேசியிருக்கிறேன், மூன்று மொழியிலும் அழகாக எழுதுகிறார்கள். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை நானும் அவர்களும் இருப்போம். காசு எதுவும் இல்லை. எந்த மதத்தவரும் வரலாம். வரும்போது புத்தகம், இருவருடைய அடையாள அட்டை, வருமான அனுமதிப் பத்திரம், காப்புறுதி அட்டை, லீசிங் இருந்தால் அதன் கடிதம் கொண்டு வாருங்கள். முடிந்தால் வாங்குபவரையும் கையோடு கூட்டி வாருங்கள். இடத்தை இன்ஷா அல்லாஹ் நாளை கமெண்டில் போடுகிறேன், பள்ளி நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பழைய பேப்பர் வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள், வாகன இலக்கத்தைப் பொதுவில் போட வேண்டாம்.